உப்புக்காற்றில் நிற்கும் பழைய கார்: வீட்டிலேயே எதைச் சரிபார்க்கலாம், எதைத் தொடக் கூடாது?

காலையில் அவசரமா கிளம்புறீங்க. சாவியைத் திருகினால் 'டிக் டிக்'னு சத்தம் மட்டும் வருது, வண்டி ஸ்டார்ட் ஆகலை. பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் பழகிய காட்சிதான் இது. "பேட்டரி போச்சு" என்று உடனே புது பேட்டரி வாங்குபவர்கள் நிறைய பேர். ஆனால், பல நேரங்களில் பேட்டரி மேல் தப்பே இருக்காது. அதன் டெர்மினலிலும் எர்த் ஒயரிலும் பூத்த உப்புதான் காரணமாக இருக்கும்.

ஆரோவில் பக்கத்தில் இருக்கும் இடையஞ்சாவடியிலிருந்து கடல் சில கிலோமீட்டர் தூரம்தான். ஈ.சி.ஆர். வழியாக வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். இந்தப் பகுதியில் நிற்கும் காருக்கு எஞ்சின் கடைசியில்தான் சாகும். முதலில் சாவது அடிப்பாகம். மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் 2014-லேயே நின்றுவிட்டது. இன்று ஓடும் அந்த வண்டிகள் எல்லாமே பழசுதான். அவற்றைப் பத்திரமாக ஓட்ட வீட்டிலேயே என்ன செய்யலாம்? பார்ப்போம்.

உப்புக்காற்று காரை என்ன செய்கிறது?

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். அந்தத் தண்ணீரில் உப்பு கலந்தால் துரு பல மடங்கு வேகமாகும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதையும் மிஞ்சும். சுமார் 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதாவது மழை பெய்யாத நாளிலும் உங்கள் காரின் அடிப்பாகம் நனைந்தபடியே இருக்கலாம்.

இந்தப் பக்கத்துச் செம்மண்ணும் சேர்ந்துகொள்கிறது. சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் அப்பிய சேறு, உப்பு ஈரத்தை ஈரத்துணி மாதிரிப் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும் காருக்குக் கீழே ஓட்டை விழுகிறது.

மாதம் ஒருமுறை எங்கே பார்க்க வேண்டும்?

* மிதியடிக்குக் கீழே: மேட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரமோ, துரு வாசனையோ இருந்தால் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். 'டங்' என்றால் நல்ல தகடு. 'பொத்' என்றால் உள்ளே அரித்துவிட்டது.
* கதவின் அடி விளிம்பு: மழைத்தண்ணீர் வெளியேறச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்தி எடுங்கள். அடைத்த கதவு உள்ளுக்குள்ளேயே அழுகும்.
* வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளம்: மரத்தடியில் நிற்கும் காரில் சருகு இங்கேதான் சேரும். அள்ளிப் போடுங்கள்.
* டிக்கி, ஸ்டெப்னி வைக்கும் குழி: தண்ணீர் தேங்கி இருந்தால் டிக்கி ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

தரையில் ஓட்டை விழுந்தால் அது வெறும் அழகுப் பிரச்சனை இல்லை. சைலன்சரும் அரித்திருந்தால் அந்த ஓட்டை வழியாகக் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அப்படிப்பட்ட காரில் கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

கழுவினால் போதுமா?

போதும், ஆனால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கடலோர ஊர்களில் பல போர்வெல் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பையே பூசுகிறோம். வாயில் வைத்துப் பார்த்தால் கரிக்கிற தண்ணீர் காருக்கும் வேண்டாம். குழாயில் வரும் குடிநீரோ, பிடித்து வைத்த மழைநீரோ இரண்டு பக்கெட் இருந்தாலும் போதும். மேல்பக்கத்தை விட அடிப்பக்கத்துக்கும் சக்கர வளைவுக்கும் அதைச் செலவு பண்ணுங்கள்.

இன்னும் இரண்டு தவறுகள் இங்கே சகஜம். ஒன்று, பிளாஸ்டிக் கவர். காற்றுப் போகாத கவர் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். கீற்றுக் கொட்டகை அதைவிட எவ்வளவோ மேல். இரண்டு, அடியில் கழிவு ஆயில் அடிப்பது. அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் பிரேக் பிடிக்காது, மண்ணும் பாழ். அண்டர்கோட்டிங் அடிப்பதாக இருந்தாலும் துருவை முழுவதும் சுரண்டிய பிறகே அடிக்க வேண்டும். துருவுக்கு மேல் அடித்தால் துரு உள்ளே சொகுசாக வளரும்.

'டிக் டிக்' சத்தம்: பேட்டரியா, எர்த்தா?

முதலில் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். பிறகு வரிசையாகப் பாருங்கள்.

1. டெர்மினல்: வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீரை பேட்டரிக்குள் போகாமல் ஊற்றி, பழைய பல் பிரஷால் தேயுங்கள். காய்ந்ததும் இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.
2. வோல்ட்: ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டும். எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.
3. எர்த்: பேட்டரியில் 12.6 இருந்தும் 'டிக்' மட்டும் வருகிறதா? ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். எடுத்துவிட்டால் எர்த் ஒயர்தான் குற்றவாளி. புது ஒயருக்கு ஆகும் செலவு, புது பேட்டரியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எடுக்கவில்லையா? டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பழைய மாடல்களில், ஈரமான காலையில் அதன் மூடிக்குள் பனி கோர்த்திருக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் எடுத்துவிடும்.

ஹீட் முள் ஏறினால்?

ஏ.சி.யை நிறுத்துங்கள், ஹீட்டர் இருந்தால் முழு வேகத்தில் போடுங்கள். வேர்த்துக் கொட்டும்தான், ஆனால் எஞ்சின் சூட்டை அது கொஞ்சம் இழுக்கும். ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். அடிக்கடி குறைகிறது, ஆனால் எங்கும் ஒழுகலே இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஓட்ட வேண்டாம். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் விடுங்கள். உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே படிந்து அடைக்கும்.

பிரேக்: ஒரு நிமிட சோதனை

பிரேக் ஆயில், காருக்கு அடியில் ஓடும் மெல்லிய இரும்புக் குழாய்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. உப்புக்காற்றில் அரிப்பது இந்தக் குழாயும்தான். அது அழுத்தத்தில் வெடித்தால் பெடல் கால் அடியில் தொப்பென்று இறங்கிவிடும்.

* எஞ்சின் ஓடும்போது பெடலை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.
* எஞ்சினை அணைத்து, பெடலை நான்கைந்து முறை அழுத்தி, மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் லேசாகக் கீழே போக வேண்டும். போகவில்லை என்றால் பூஸ்டரைப் பார்க்க வேண்டும்.
* சக்கரத்தின் உள்பக்கம் ஈரக்கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இதில் ஒன்று தப்பானாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும் என்பதால் பொதுவாக 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

ஈ-20 பெட்ரோல் பழைய காருக்கு ஆகுமா?

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைக் கருத்தில் வைத்துப் பழைய கார்களின் ரப்பர் டியூப்களும் கேஸ்கெட்டும் செய்யப்படவில்லை. ஓடாது என்றில்லை. ஆனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய ரப்பர் சீக்கிரம் தளரலாம். பெட்ரோல் டியூப்பை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, பெட்ரோல் வாசனை வந்தாலோ உடனே மாற்றுங்கள். தீப்பிடிக்கும் விஷயம் இது.

வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணலாமா?

கூடவே கூடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்தப் பகுதி எப்படி மிதந்தது என்பது நினைவிருக்கும். தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக சாவியைத் திருகினால், எஞ்சினுக்குள் போன தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். சாதாரண இன்சூரன்ஸில் அந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. அதற்குத் தனியாக 'எஞ்சின் புரொடெக்ட்' எடுத்திருக்க வேண்டும். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, போட்டோ எடுத்து வைத்து, கட்டி இழுத்துப் போங்கள்.

15 வருஷம் ஆனால் காரைப் பிடுங்கிக்கொள்வார்களா?

டெல்லி விதிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். 2025 ஆகஸ்டில் 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் ரூ.5,000-லிருந்து ரூ.10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி.

இங்கேயும் உப்பு விளையாடும். ஆய்வின்போது சேஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். துரு தின்று எழுத்தே தெரியவில்லை என்றால் அலைச்சல்தான். அந்த இடத்தை இப்போதே துடைத்து, லேசாக கிரீஸ் பூசி வையுங்கள்.

வீட்டில் செய்யவே கூடாதவை

* ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். துருப்பிடித்த அடித்தகட்டில் ஜாக்கி நிற்காது, உள்ளே குத்திக்கொண்டு போகும். அடிப்பாகம் முழுவதையும் பார்க்க ஒர்க்‌ஷாப் ராம்ப்தான் சரி.
* பிரேக் குழாய், ஏர்பேக், பெட்ரோல் டேங்க் வெல்டிங் வீட்டு வேலை இல்லை.
* துரு ஓட்டையைப் புட்டி வைத்து மூடாதீர்கள். தகடு வெட்டி டிங்கரிங் பண்ண வேண்டும்.

மெக்கானிக் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம், இரண்டு பக்கெட் நல்ல தண்ணீர், ஒரு டார்ச். இவ்வளவு இருந்தால், உங்கள் பழைய கார் எங்கே அரிக்கிறது என்பது ரோட்டில் நிற்பதற்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிந்துவிடும்.