முத்திரைக்கு விலை, பதத்துக்கு உழைப்பு

மடக்குக் கத்தி வாங்குபவர் முதலில் பார்ப்பது அலகின் அடியில் பொறித்திருக்கும் எழுத்தை. ‘440’ என்றோ, ‘டி2’ என்றோ, வெறுமனே ‘ஸ்டெயின்லெஸ்’ என்றோ அங்கே இருக்கும். அந்த எழுத்து மாறினால் விலையும் மாறுகிறது. புனேயின் ரவிவார் பேட்டையானாலும் கோவையின் கடைத்தெருவானாலும் நடைமுறை இதுவே. எஃகின் பெயர் தெரிந்தால் கத்தியின் தரமும் தெரிந்துவிடும் என்ற இந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். பல நூற்றாண்டுகளாகத் தக்காணம் இதே நம்பிக்கையோடுதான் அலகுகளை விலைக்கு வாங்கியிருக்கிறது. அந்த வரலாற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது: மக்கள் விலை கொடுத்தது முத்திரைக்கு, கத்தி வெட்டியதோ எஃகைப் பதப்படுத்திய உழைப்பால். இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிய காலங்களில் வாங்கியவர் ஏமாந்தார், உழைத்தவர் பெயரில்லாமல் போனார்.

மராட்டியர் காலத்துப் புனேயிலிருந்து தொடங்கலாம். அக்காலத்து மராட்டிய வாள்களில் பலவற்றுக்குப் பிடி மட்டுமே இந்நாட்டு வேலை. அலகு கடல் கடந்து வந்தது. பிரங்கி என்று அழைக்கப்பட்ட அந்த நீண்ட நேர் அலகுகள் இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயின் பட்டறைகளில் அடிக்கப்பட்டு, போர்த்துக்கீசியர் கைவசமிருந்த மேற்குக் கரைத் துறைமுகங்கள் வழியாக உள்நாட்டுக்கு ஏறின. 1659ஆம் ஆண்டை ஒட்டி, கொங்கணத்துச் சாவந்தர்கள் வழியாகக் கிடைத்த ஒரு போர்த்துக்கீசிய வாளுக்குச் சிவாஜி 300 ஹொன் (பொன் நாணயம்) கொடுத்தார் என்று மராட்டிய மரபு சொல்கிறது. கோல்ஹாப்பூரிலிருந்து 1875ஆம் ஆண்டு வேல்ஸ் இளவரசருக்குப் பரிசளிக்கப்பட்டு, இன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கும் வாளின் அலகும் ஐரோப்பிய வேலையே. உலகம் தேடி வந்த உருக்கை வார்த்த தக்காணம், தன் படைத்தலைவர்களுக்கு வெளிநாட்டு அலகை நாடியது ஏன் என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. வெறும் மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. வளைந்து ஒடியாமல் நிமிரும் நீண்ட அலகுக்கு நடுத்தரக் கரி அளவுள்ள எஃகும் சீரான துவைச்சலும் (சூடேற்றித் தோய்த்துப் பதப்படுத்துவதும்) வேண்டும். அந்த வேலையில் ஐரோப்பியப் பட்டறைகள் கைதேர்ந்திருந்தன. அந்த வகையில் அவற்றின் முத்திரைக்குப் பின்னால் உண்மையான தகுதி இருந்தது. ஆனால் முத்திரையை அடிப்பது அலகை அடிப்பதைவிட எளிது. ஜெனோவாப் பட்டறைகளோடு சேர்த்துச் சொல்லப்படும் பிறைவடிவக் குறி ஐரோப்பாவின் வேறு ஊர்களிலும், பிறகு இந்தியாவிலும் நகலெடுக்கப்பட்டது. தகுதியால் பெயர் வந்தது. பெயரால் விலை வந்தது. விலை வந்ததும் தகுதியில்லாத அலகிலும் அந்தப் பெயர் ஏறியது.

எதிர்த்திசையில் நடந்த கதையும் இதையே காட்டுகிறது. தெலங்கானத்தின் கோனசமுத்திரத்திலும் தமிழகத்தின் மேல்சிறுவலூர் போன்ற ஊர்களிலும் மூசையில் வார்த்த உருக்கு, மேற்காசியாவரை விலைபோன சரக்கு. கோல்கொண்டாவிலிருந்து சிறு ரொட்டியளவு கட்டிகளாக வந்த எஃகை இரண்டாக வெட்டித் தரம் பார்த்த பிறகே வாங்கினார்கள் என்று 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு வணிகர் தவெர்னியே எழுதினார். அந்த வணிகர்கள் பெயரை நம்பவில்லை, வெட்டுவாயைப் பார்த்தார்கள். 1794ஆம் ஆண்டு, மராட்டிய முதலமைச்சர்களான பேஷ்வாக்களின் தலைநகராகப் புனே இருந்த காலத்தில், பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட் இந்த உருக்கின் மாதிரிகளை லண்டன் ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு ஜார்ஜ் பியர்சன் அதைச் சோதித்துக் கட்டுரை வெளியிட்டார். அந்தச் சோதனையின் ஒரு பகுதியாக, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக் கொல்லர் அதிலிருந்து ஒரு பேனாக்கத்தி அடித்துப் பார்த்தார். கூர் அருமையாக அமைந்தது, ஆனால் அடிப்பதற்கு மிகக் கடினம் என்பதே அவர் கண்ட முடிவு. பின்னாளில் மைக்கேல் ஃபாரடேயும் அவரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார். ஒன்றரை விழுக்காட்டை நெருங்கும் கரி கொண்ட இந்த உருக்கைக் குறுகிய வெப்ப எல்லைக்குள்தான் அடிக்க முடியும். சூடு கூடினால் உதிரும், குறைந்தால் வெடிக்கும். எஃகின் உயர்வு என்று நாம் போற்றுவதில் பாதி, அந்தச் சூட்டைக் கண்ணால் அளந்த கொல்லரின் உயர்வு. அந்த உழைப்பு விலையுயர்ந்தது என்பதால்தான் எளிய மக்களின் கருவிகளில் பச்சிரும்பு உடலில் வாய்க்கு மட்டும் கொஞ்சம் எஃகு வைத்து அடிக்கும் வழக்கம் நிலைத்தது.

மூசை உருக்கை அழித்தது வெள்ளையர் ஆட்சிதான், கைவினைச் செலவைக் காரணம் காட்டுவது அந்தக் குற்றத்தை மறைப்பது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. மலிவு விலை இறக்குமதி, காட்டு மரக்கரிக்கு வந்த கட்டுப்பாடு, அரசர்களின் படைகள் கலைந்தது, 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் எல்லாம் சேர்ந்து சந்தையைக் கெடுத்தன. ஆயினும் அந்த மலிவு எப்படி வந்தது என்று பார்த்தால் என் வாதம் வலுப்படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830ஆம் ஆண்டையொட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். ஆலை பெரிதாக வெல்லவில்லை. ஆனால் 1839இல் அவர் பெற்ற காப்புரிமை இங்கிலாந்தின் எஃகு நகரான ஷெஃபீல்டின் கணக்கை மாற்றியது. மாங்கனீசு சேர்த்தால் ஸ்வீடன் இரும்புக்குப் பதிலாக மலிவான பிரிட்டிஷ் இரும்பிலேயே நல்ல வார்ப்பெஃகு செய்யலாம், அதைச் சாதாரண இரும்போடு பற்றவைத்தும் அடிக்கலாம் என்று அவர் காட்டினார். கத்தி எஃகின் விலை இறங்கியது. எஃகு மேலானதாக மாறியதால் ஷெஃபீல்ட் வெல்லவில்லை. அடிப்பதற்கு எளிதானதாகவும் ஒரே சீரானதாகவும் மாறியதால் வென்றது. அந்த மலிவின் பலன் ஆலைகளுக்குப் போனது. ஹீத்தோ காப்புரிமை வழக்குகளில் சிக்கி 1851இல் இறந்தார்.

பேஷ்வா ஆட்சி 1818இல் முடிந்தபின் புனேக்கு வந்த கத்தி, வாளிலிருந்து வேறுபட்டது: பேனா சீவவும் பழம் நறுக்கவும் சட்டைப்பையில் கிடக்கும் மடக்குக் கத்தி. 1682இல் பதிவான நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் கொண்ட, ஷெஃபீல்டின் ஜோசப் ராஜர்ஸ் நிறுவனத்தின் குறி, இந்தியச் சந்தையிலும் கத்தியின் தரத்துக்கே உத்தரவாதமாகக் கருதப்பட்டது. உடனே போலிகள் பெருகின. ஜெர்மனியின் ஸோலிங்கன் சரக்கு ஷெஃபீல்ட் பெயரில் விற்கப்படுகிறது என்ற கூக்குரல், 1887இல் பிரிட்டனில் வணிகக் குறிச் சட்டம் வருவதற்கு ஒரு முக்கியக் காரணம். 1889இல் இந்தியாவிலும் அத்தகைய சட்டம் வந்தது. சட்டம் காத்தது பெயரை. அலகு சரியாகப் பதப்பட்டதா என்று அது கேட்கவில்லை. அதே காலத்தில் வாள் துலக்கி வாழ்ந்த ஷிகல்கார் சமூகத்தார், வாளில்லாத நாட்டில் கத்தியும் கத்தரிக்கோலும் சாணை பிடிப்பவர்களாக மாறினார்கள். எந்தப் பெயர் பொறித்த கத்தியானாலும் ஆண்டுக்கணக்கில் அதை வெட்ட வைத்தது அவர்கள் கை. ராஜர்ஸுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. சாணைக்காரருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

துருப்பிடிக்காத எஃகு வந்தபோது இந்த வேறுபாடு வெளிப்படையாகவே தெரிந்தது. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி ஏறக்குறைய 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகை உருக்கினார். முதலில் அதில் கத்தி செய்து பார்த்தவர்கள், வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைப் பழித்தார்கள். குறை எஃகில் இல்லை. பழைய கரி எஃகுக்குப் பழகிய உலைச்சூடு புதிய எஃகுக்குப் போதவில்லை. உயர்ந்த சூட்டில் கடினப்படுத்தக் கற்ற பிறகு அதே எஃகு வீட்டுக்கு வீடு நுழைந்தது.

இன்றைய மலிவு மடக்குக் கத்தியின் விலையையும் இந்த வரலாற்றின் வெளிச்சத்தில் படிக்க வேண்டும். விரல் நீள அலகின் எடை ஏறத்தாழ நாற்பது கிராம்தான். எந்த எஃகானாலும் அவ்வளவு சிறு துண்டின் மூலப்பொருள் விலை மொத்த விலையில் சிறு பங்கே. கரியும் குரோமியமும் கூடிய டி2 போன்ற எஃகு விலையை ஏற்றுவது முக்கியமாக வேறு வழியில்: அது வெட்டு அச்சையும் சாணைப் பட்டையையும் விரைவில் தேய்க்கிறது, உலையில் கவனமான நேரத்தைக் கேட்கிறது. செலவு எங்கே கூடுகிறதோ அங்கேதான் குறுக்குவழியும் நுழைகிறது. 440 என்ற எண்ணுக்கே ஏ, பி, சி என்று மூன்று தரங்கள் உண்டு; கரி 0.6 விழுக்காட்டிலிருந்து 1.2 வரை மாறுகிறது. எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பொறித்தால் வாங்குபவர் உயர்ந்ததை நினைத்துத் தாழ்ந்ததை வாங்குகிறார். எஃகின் வேதியியல் உண்மையான வேறுபாடு அல்லவா, உயர்ந்த எஃகு சோதனையில் கூடுதல் நேரம் கூர் காக்கிறதே என்று ஆய்வறிந்தோர் கேட்பார்கள். ஆம், காக்கிறது. வேதியியல் ஓர் எஃகு எட்டக்கூடிய உச்சத்தைச் சொல்லும். அந்த அலகு எதுவரை எட்டியது என்பதை உலையும் துவைச்சலும்தான் சொல்லும். அரை விழுக்காடு கரி மட்டுமே உள்ள எஃகை ராக்வெல் கடினத்தன்மை அளவில் 55, 56க்குக் கொண்டுவந்து, சுவிஸ் விக்டோரினாக்ஸ் நிறுவனம் உலகம் முழுக்க நம்பகமான மடக்குக் கத்தி விற்கிறது. அவசரத்தில் பதம் கெட்ட டி2 அலகு அதனோடு போட்டியிட முடியாது.

மேற்கு மகாராஷ்டிரத்தின் கரும்புக் காடுகளில் ஓங்கும் கோய்தா என்ற வெட்டுக்கத்தியே இதற்கு நல்ல சான்று. நம் ஊர் அரிவாளைப் போலவே அதுவும் பெரும்பாலும் பழைய லாரிப் பட்டையிலிருந்து அடிக்கப்படுகிறது. கிலோக் கணக்கில் வாங்கும் கழிவுதான். ஆனால் சரியாகச் சூடேற்றித் துவைச்சல் போட்டால் ஒரு பருவம் முழுக்கக் கரும்பைத் தாங்கும். முத்திரையே இல்லாத அந்த அலகை வாங்குபவர் கொல்லரின் கையை நம்பி வாங்குகிறார். அந்த நம்பிக்கை பிசகினால் அடுத்த வாரமே திரும்பி வந்து கேட்க முடியும். மடக்குக் கத்திச் சந்தையில் இழந்திருப்பது இந்த உறவைத்தான். அதைப் பழையபடி மீட்க முடியாது. ஆலையில் லட்சக்கணக்கில் செய்யும் பொருளுக்குக் கொல்லர் முகம் கிடையாது. ஆனால் அதற்கு ஈடான ஒன்றைக் கேட்க முடியும். எஃகின் பெயரோடு அலகின் ராக்வெல் கடினத்தன்மையும், 440 என்றால் எந்தத் தரம் என்பதும் பெட்டியில் அச்சிடப்பட வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. வாகன உறுப்புகளை அடித்துப் பதப்படுத்தும் தொழிலில் நாட்டுக்கே முன்னோடியான புனேக்கு ஓர் அலகின் கடினத்தன்மையை அளப்பது பெரிய வேலை அல்ல. பெயருக்கு 1889இலேயே சட்டம் வந்துவிட்டது. பதத்துக்கு அத்தகைய பொறுப்பு இன்னும் எழுதப்படவில்லை. அது எழுதப்படும்வரை, அறிவுள்ள வாங்குபவர் முத்திரைக்காகக் கூடுதல் பணம் கொடுக்காமல், அந்தப் பணத்தைத் தெருமுனைச் சாணைக்காரருக்குக் கொடுப்பதே சரியான கணக்கு.