வெளிநாட்டில் குடியேறியோருக்கு ஆங்கில உச்சரிப்பு வகுப்புகள்: எங்கே தேடுவது, எப்படிச் சேருவது?

காயல்பட்டினத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முத்து வணிகக் காலத்தில் இலங்கை, பிறகு ஹாங்காங், வளைகுடா. இப்போது லண்டன், டொரண்டோ, சிட்னி என்று பட்டியல் நீள்கிறது. முன்பு ஆண்கள் மட்டும் போய் வந்தார்கள். இன்று குடும்பத்தோடு குடியேறுகிறார்கள். பட்டம் பெற்ற நம் சகோதரிகள்கூட, டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கேட்டுப் போன் செய்யும்போது, மறுமுனையில் இரண்டு மூன்று முறை "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டுவிட்டால் போனைப் பிள்ளையிடம் நீட்டிவிடுகிறார்கள். உம்மாவின் உடல்நிலையை எட்டு வயதுப் பிள்ளை டாக்டருக்கு விளக்குகிறது. இது பிள்ளைக்கும் நல்லதல்ல, உம்மாவுக்கும் நல்லதல்ல.

பலருக்கு இலக்கணம் பிரச்சினையே அல்ல, ஒலிதான் பிரச்சினை. இதில் நம்மிடம் ஏற்கெனவே ஒரு கைமுதல் இருப்பதை நாம் கவனிப்பதில்லை. சிறு வயதில் ஓதப் பழகியபோது உஸ்தாது மக்ரஜ் திருத்தினாரே, அதுவும் உச்சரிப்புப் பயிற்சிதான். மேலே மூன்று புள்ளி வைத்த அரபி எழுத்தை, நாவின் நுனி மேற்பல் விளிம்பைத் தொட, காற்றை விட்டுச் சொல்கிறோம். 'தேங்க்ஸ்' என்பதன் முதல் ஒலி அதுவே. தாலுக்கு மேல் ஒரு புள்ளி வைத்தால் வரும் ஒலி, 'திஸ்' என்பதன் முதல் ஒலி. 'ஜூ' என்று நாம் சொல்லும் மிருகக்காட்சி சாலைக்கு ஸாயின் ஒலி வேண்டும். உதட்டைக் குவித்துச் சொல்லும் வாவ், 'வாட்டர்' என்பதற்குப் பொருந்தும். 'வேன்' என்ற வண்டிக்கு அப்படிக் குவிக்கக் கூடாது. ஃபாவைப் போல மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்துக் குரல் கொடுக்க வேண்டும். 'பஸ்ஸு', 'புக்கு' என்று கடைசியில் உகரம் சேர்ப்பது தமிழ்ப் பழக்கம். வக்ஃபு செய்து ஸுகூனில் நிறுத்தத் தெரிந்தவருக்கு அதை விடுவது கடினமல்ல.

ஓதல் கற்றுத் தராத ஒன்று, சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பது. 'அப்பாயின்ட்மென்ட்' என்பதில் 'பாயின்' மட்டும் ஓங்க வேண்டும். நாம் எல்லா அசைகளையும் ஒரே எடையில் சொல்வதால் கேட்பவருக்குச் சொல் பிடிபடுவதில்லை. இதற்குத்தான் ஆசிரியரும் வகுப்பும் தேவை.

பிரிட்டனில் 'ஈசால்' என்று கேளுங்கள். பிற மொழி பேசுவோருக்கான ஆங்கில வகுப்புக்கு அங்கே அதுதான் பெயர். உள்ளூர்க் கல்லூரி, கவுன்சிலின் முதியோர் கல்விப் பிரிவு, நூலகம், சில பள்ளிவாசல்கள் எனப் பல இடங்களில் நடக்கிறது. முதலில் ஒரு தேர்வு வைத்து, என்ட்ரி 1, 2, 3, அதற்கு மேல் லெவல் 1, 2 என்று உங்களுக்கு உரிய படியில் சேர்ப்பார்கள். பேசுவதில் பின்தங்கி, எழுதுவதில் முன்னே இருந்தால் அதை அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தெரிந்த இலக்கணத்தையே மறுபடி படிக்க நேரும். வகுப்புகள் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும். பெண்களுக்கு மட்டுமான வகுப்பு உண்டா, குழந்தையைப் பார்த்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். கட்டணம் உண்டா என்பது விசா வகையையும் அங்கே தங்கிய காலத்தையும் பொறுத்தது. 2010 நவம்பர் முதல் வாழ்க்கைத்துணை விசாவுக்கு ஏ1 நிலை ஆங்கிலம் கட்டாயம். ஆனால் அது மிக அடிப்படையான நிலை. அதில் தேறிவிட்டோம் என்று நின்றுவிட வேண்டாம். பேச்சு பழகும்வரை, இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம், அதற்குக் கட்டணமில்லை. இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

கனடாவில் 'லிங்க்' என்ற திட்டம் நிரந்தரக் குடியுரிமை பெற்றோருக்கு இலவசம். குடிமக்களாகிவிட்டால் அதில் சேர முடியாது. எனவே தள்ளிப்போடாமல் முதல் வருடங்களிலேயே பயன்படுத்துவது நல்லது. ஆஸ்திரேலியாவில் 1948 முதல் நடக்கும் ஏ.எம்.இ.பி. திட்டத்திலும் தகுதியுள்ளோருக்குக் கட்டணமில்லை. முன்பு 510 மணி நேரம் என்றிருந்த வரம்பு 2021-இல் நீக்கப்பட்டது. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளை வகுப்பு நேரத்தில் கவனித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. ஹாங்காங்கில் அரசு நிதியில் இயங்கும் சிறுபான்மை இனத்தவருக்கான ஆதரவு மையங்களில் மொழி வகுப்புகளை விசாரிக்கலாம்.

ஊரை விட்டுப் புறப்படும் முன்பே தொடங்க விரும்புவோர், தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் உள்ள ஸ்போக்கன் இங்கிலீஷ் நிலையங்களில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்: "மாணவரைப் பேசவைத்து ஒலியைத் திருத்துவீர்களா, இலக்கணம் மட்டும்தானா?" சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறது. வீட்டிலிருந்தே பழக, பி.பி.சி. லேர்னிங் இங்கிலீஷின் உச்சரிப்பு வீடியோக்கள் இலவசம். கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் ஒவ்வொரு சொல்லையும் பிரிட்டிஷ், அமெரிக்க முறைகளில் கேட்கலாம்.

"முப்பது நாளில் வெள்ளைக்காரர் போலப் பேசலாம்" என்று விளம்பரம் செய்யும் விலையுயர்ந்த வகுப்புகள் நமக்கு வேண்டாம். கனடா ஆய்வாளர்கள் மன்ரோவும் டெர்விங்கும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், வேற்று மொழிச் சாயல் பலமாக இருந்தாலும் பேச்சு நன்றாகப் புரியக்கூடும் என்று காட்டினார்கள். காயல் வாடை நம் பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும்; டாக்டருக்கும் பள்ளி ஆசிரியைக்கும் நாம் சொல்வது புரிந்தால் போதும்.

பெயர் பதிந்துவிட்டு இடம் கிடைக்கக் காத்திருக்கும் வாரங்களை வீணாக்க வேண்டாம். அடிக்கடி தேவைப்படும் பத்து வாக்கியங்களை, பெயர், பிறந்த தேதி, முகவரி, அப்பாயின்ட்மென்ட் கேட்பது உட்பட, போனில் பதிவு செய்யுங்கள். அடுத்த நாள் காலை நீங்களே கேட்டுப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறது என்று குறித்துக்கொண்டு, முதல் வகுப்பில் ஆசிரியரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள்.