ஜன்னல் மூடிய ரயில்

1947-ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து மேற்கே துர்க்கு நகருக்குச் செல்லும் ரயில் வழியில் ஓரிடத்தில் நின்றது. பின்லாந்து எஞ்சினைக் கழற்றிவிட்டு சோவியத் எஞ்சினைப் பூட்டுவார்கள். பெட்டிகளின் ஜன்னல்களைப் பலகைகளால் அடைப்பார்கள். பயணிகள் தம் சொந்த நாட்டு மண்ணின் மீது, அதைக் காண அனுமதியின்றி, இருட்டுக்குள் அமர்ந்து செல்வார்கள். உலகின் மிக நீளமான ரயில் சுரங்கம் என்று அதைக் கேலியாகச் சொன்னார்கள். அந்த இடத்தின் பெயர் போர்க்காலா. தலைநகரிலிருந்து கூப்பிடு தொலைவு என்றே சொல்லலாம். 1944 போர்நிறுத்தத்தின்போது கடற்படைத் தளத்துக்காக ஐம்பதாண்டுக் குத்தகையாக சோவியத் ஒன்றியம் அதைப் பெற்றுக்கொண்டது. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ ஏழாயிரம் பேர் பத்தே நாட்களில் கால்நடைகளோடு வெளியேற வேண்டியிருந்தது.

பின்லாந்து என்றவுடன் தமிழ் வாசகர் பலருக்கும் சிந்துவெளி எழுத்தாய்வாளர் அஸ்கோ பர்ப்போலாவே நினைவுக்கு வருவார். அதற்கப்பால் அந்நாட்டைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. ஆயினும், பெரிய அண்டை நாட்டின் நிழலில் ஒரு சிறிய நாடு எவ்வாறு உயிர்தரித்தது, அதற்கு என்ன விலை கொடுத்தது என்று அறிய விரும்புவோர்க்கு இதைவிடத் துலக்கமான வரலாறு ஐரோப்பாவில் இல்லை என்றே கருதுகிறோம்.

1809 வரை சுவீடனின் பகுதி. அதன்பின் 1917 வரை ரஷ்யப் பேரரசருக்கு உட்பட்ட தன்னாட்சிச் சிற்றரசு. 1917 டிசம்பர் 6 அன்று விடுதலை. அவ்விடுதலையை அம்மாத இறுதியிலேயே லெனினின் அரசு ஏற்றுக்கொண்டது என்பது வரலாற்றின் நகைமுரண்களில் ஒன்று. புதிய எல்லை லெனின்கிராடுக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர் தொலைவில் அமைந்தது. பிற்காலத் துயரங்கள் அனைத்தும் இந்த முப்பத்திரண்டு கிலோமீட்டரிலிருந்து கிளைத்தவை.

1939 அக்டோபரில் மாஸ்கோவிலிருந்து அழைப்பு வந்தது. பேச்சுவார்த்தைக்குச் சென்றவர் யூஹோ குஸ்தி பாசிகிவி. வயது அறுபத்தெட்டு. இளமையில் ரஷ்ய மொழியும் வரலாறும் பயின்றவர். 1920-இல் தார்த்து உடன்படிக்கைப் பேச்சில் பின்லாந்துக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். எதிரே அமர்ந்தவர் ஸ்டாலின். லெனின்கிராடை இடம்பெயர்க்க இயலாது, எனவே எல்லைதான் இடம்பெயர வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். கரேலிய நிலஇடுக்கில் எல்லையைப் பின்தள்ள வேண்டும், வளைகுடாத் தீவுகள் வேண்டும், ஹான்கோ முனையில் தளம் வேண்டும் என்றார். பதிலுக்கு வடக்கே ஏறத்தாழ இருமடங்கு நிலம் தருவதாகச் சொன்னார். காடும் சதுப்புமான நிலம் அது. அரண்கள் அமைந்த நிலத்துக்கு அது ஈடாகாது. எனினும் பாசிகிவி விட்டுக்கொடுக்கலாம் என்றார். படைத்தலைவர் மன்னர்ஹெய்மும் அவ்வாறே எண்ணினார். தம் படையிடம் எவ்வளவு குண்டு இருக்கிறது என்று அறிந்தவர் அவர். வெளியுறவு அமைச்சர் எர்க்கோ இசையவில்லை. நவம்பரில் பேச்சு முறிந்தது. நவம்பர் 30 அன்று செம்படை எல்லையைக் கடந்தது.

பாசிகிவியின் சொல்லைக் கேட்டிருக்கலாமே என்று எண்ணத் தோன்றும். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் அதே இலையுதிர்காலத்தில் எஸ்டோனியாவும் லாட்வியாவும் லிதுவேனியாவும் சோவியத் தளங்களுக்கு இசைந்தன. 1940-இல் அம்மூன்று நாடுகளும் சோவியத் ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டன. மறுத்த பின்லாந்தோ பிழைத்தது.

போர் 105 நாட்கள் நீடித்தது. குஸினென் தலைமையில் ஒரு பொம்மை அரசை எல்லையோர ஊரான தெரியோக்கியில் நிறுவி, அதுவே பின்லாந்தின் உண்மையான அரசு என்று மாஸ்கோ அறிவித்திருந்தது. 1940 மார்ச்சில் அமைதி உடன்பாடு கையெழுத்தானபோது அந்தப் பொம்மை அரசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஹெல்சிங்கி அரசோடுதான் பேச வேண்டியிருந்தது. பின்லாந்து ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் உயிர்களையும், வீபுரி நகர் உட்பட நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கையும் இழந்தது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட கரேலியர் வீடு துறந்து மேற்கே வந்தனர். ஆனால் பேசுவதற்குரிய ஓர் அரசு எஞ்சியிருந்தது. பிற்காலத்தில் பாசிகிவி செய்த வணக்கங்களுக்கு மதிப்பிருந்ததற்குக் காரணம், அதற்குமுன் வணங்க மறுத்த அந்த 105 நாட்கள்தாம் என்பது நம் துணிபு. வள்ளுவர் வலியறிதலையும் காலமறிதலையும் இடனறிதலையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்ததன் பொருளை இவ்வரலாற்றைப் படிக்கையில் மீண்டும் எண்ணிப்பார்த்தோம்.

1941-இல் இழந்ததை மீட்கும் ஆசையில் பின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்து மீண்டும் போரில் இறங்கியது. அது வேறு கதை. பெருமைக்குரிய கதையும் அன்று. 1944 ஜூனில் ஜெர்மானிய ஆயுதம் பெறுவதற்காக, தனித்து அமைதி தேடமாட்டேன் என்று குடியரசுத் தலைவர் ரிஸ்தோ ரூத்தி ஹிட்லருக்குத் தம் சொந்தப் பெயரில் எழுதிக்கொடுத்தார். ஆகஸ்டில் பதவி விலகினார். வாக்கு அவருடையது, நாட்டினுடையது அன்று. எனவே அடுத்து வந்த மன்னர்ஹெய்ம் செப்டம்பரில் தடையின்றிப் போர்நிறுத்தம் செய்துகொண்டார்.

அந்தக் கையெழுத்துக்கான விலையை ரூத்தி பின்னர் கொடுத்தார். ஹெல்சிங்கியின் ஹோட்டல் டோர்னியில், ஸ்தானோவ் தலைமையிலான கண்காணிப்புக் குழு வந்து அமர்ந்தது. போருக்குப் பொறுப்பானவர்களைப் பின்லாந்தே தண்டிக்க வேண்டும் என்பது நிபந்தனை. செயல் நடந்த பிறகு அதைக் குற்றமாக்கும் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இயற்றியது. 1946 பிப்ரவரியில் எட்டுப் பேர் தண்டனை பெற்றனர், ரூத்திக்குப் பத்தாண்டு. மாஸ்கோவில் பாசிகிவியோடு அமர்ந்து பேசிய வைனோ தன்னருக்கும் ஐந்தரை ஆண்டு. அப்போது பிரதமராக இருந்தவர் பாசிகிவி. அடுத்த மாதம் குடியரசுத் தலைவரானார். 1949-இல் ரூத்தியை மன்னித்து விடுவித்ததும் அவரே. 1956-இல் ரூத்தி இறந்தபோது அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தனர்.

ரூத்திக்காவது மன்னிப்பும் மரியாதையும் கிடைத்தன. லெனின்கிராடைச் சுற்றி வாழ்ந்த பின்னிய மொழியினரான இங்கிரியர் ஏறத்தாழ 63,000 பேர் போர்க்காலத்தில் பின்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தனர். போர்நிறுத்தத்துக்குப் பின் அவர்களில் ஏறத்தாழ 55,000 பேர் திரும்பிச் சென்றனர். சொந்த ஊருக்கென்று ரயிலேறியவர்கள் ரஷ்யாவின் வேறு பகுதிகளில் இறக்கிவிடப்பட்டனர். அறம், தந்திரம் என்றெல்லாம் நாம் எழுதிச் செல்லும்போது இந்த ரயிலைக் குறிப்பிடாமல் கடக்க மனம் ஒப்பவில்லை.

1948 பிப்ரவரி 22 தேதியிட்டு ஸ்டாலினின் கடிதம் வந்தது: நட்புறவு, பரஸ்பர உதவி உடன்படிக்கை செய்துகொள்வோம். அதே வாரத்தில் செக்கோஸ்லோவாக்கியாவில் ஆட்சி கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனது. ஹெல்சிங்கியில் எவருக்கும் உறக்கமிருந்திராது. பாசிகிவி அவசரப்படவில்லை. மாஸ்கோவுக்குத் தாம் செல்லவில்லை, குழுவை அனுப்பினார். ஹங்கேரி, ருமேனியா செய்துகொண்ட உடன்படிக்கைகளை முன்மாதிரியாக ஏற்காமல், பின்லாந்தே ஒரு வரைவை எழுதிக்கொண்டு சென்றது. அவ்வரைவே அடிப்படையானது. ஜெர்மனியோ அதன் கூட்டாளியோ பின்லாந்து வழியாகத் தாக்கினால், பின்லாந்து தன் எல்லைக்குள் நின்று போரிடும். சோவியத் உதவி தேவையானால் இருவரும் இசைந்து முடிவு செய்வர். வல்லரசுகளின் பகைக்கு வெளியே நிற்க விரும்பும் பின்லாந்தின் நாட்டமும் முகவுரையில் இடம்பெற்றது. ஏப்ரல் 6 அன்று கையெழுத்தாயிற்று. லெனின்கிராடின் பாதுகாப்பே ரஷ்யாவின் உண்மையான கவலை, அதைத் தீர்த்துவிட்டால் நம் வீட்டுக்குள் நாம் நம் விருப்பப்படி வாழலாம் என்பது பாசிகிவியின் கணக்கு. முப்பது கோடி டாலர் போர் இழப்பீட்டை, கப்பல்களாகவும் எந்திரங்களாகவும், 1952-இல் பின்லாந்து செலுத்தி முடித்தது. 1956 ஜனவரியில் போர்க்காலா திரும்பி வந்தது. குத்தகை முடிய இன்னும் முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தன.

கணக்கு பலித்தது எனலாம். ஆனால் வீட்டுக்குள்ளும் மெல்லப் பழக்கங்கள் மாறின. பாசிகிவிக்குப் பின் வந்த ஊர்ஹோ கெக்கோனன் கால்நூற்றாண்டு பதவியில் இருந்தார். 1961 அக்டோபரில், தேர்தல் நெருங்கும் வேளையில், உடன்படிக்கையின் இராணுவப் பிரிவின்படி ஆலோசனை வேண்டும் என்று மாஸ்கோ ஓலை அனுப்பியது. கெக்கோனன் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் வரை சென்று குருஷ்சேவைச் சந்தித்தார், ஆலோசனை கைவிடப்பட்டது. அவரை எதிர்த்து நிற்கவிருந்த ஹோன்கா போட்டியிலிருந்து விலகினார். 1973-இல் தேர்தலே இல்லாமல், தனிச்சட்டத்தால் கெக்கோனனின் பதவிக்காலம் நான்காண்டு நீட்டப்பட்டது.

எழுத்துலகம் இதில் விலகி நிற்கவில்லை என்பதே நமக்கு உறுத்தலானது. போருக்குப் பின் உள்துறை அமைச்சராக இருந்த கம்யூனிஸ்டு ஊர்யோ லெய்னோ தம் நினைவுக்குறிப்புகளை எழுதி, 1958-இல் அச்சாகி வெளியீட்டுக்குக் காத்திருந்தது. சோவியத் எதிர்ப்பால் அது நிறுத்தப்பட்டது. பிரதிகள் பின்னர் எரிக்கப்பட்டன. 1991-இல்தான் வாசகர் கைக்கு வந்தது. சோல்செனித்சினின் குலாக் நூலின் பின்னிய மொழிபெயர்ப்பு முதலில் சுவீடனில் அச்சானது. யாரும் தடைச்சட்டம் போடவில்லை. பதிப்பாளர்களே பார்த்துக்கொண்டார்கள். மேற்கு ஜெர்மானியர் இதற்குப் 'பின்லாந்துமயமாதல்' என்று ஒரு வசைச்சொல்லைப் பரப்பினர். மேற்குக்குப் பின்புறம் காட்டாமல் கிழக்கை வணங்கும் கலை அது என்று கேலிச்சித்திரக்காரர் கரி விளக்கம் தந்தாராம். கேலி செய்தவர்களின் நகரங்கள் லெனின்கிராடுக்கு அருகில் இல்லை என்பதையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும்.

சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் 1992-இல் அந்த உடன்படிக்கை முடிவுக்கு வந்தது. 1995-இல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது; நேட்டோவில் மட்டும் சேராதிருந்தது. உக்ரைன் மீது 2022-இல் ரஷ்யா தொடுத்த பெரும்படையெடுப்பு அதையும் மாற்றியது. 2023 ஏப்ரல் 4 அன்று நேட்டோவின் உறுப்பு நாடாயிற்று. 1948 உடன்படிக்கை கையெழுத்தாகி எழுபத்தைந்து ஆண்டு நிறைய இரண்டு நாள் குறைவு. போர்க்காலாவில் ஜன்னல் மூடிய பெட்டிக்குள் பெற்றோரின் மடியில் அமர்ந்து சென்ற குழந்தைகளில் சிலரேனும் அன்று ஹெல்சிங்கியில் முதியவர்களாக இருந்திருப்பார்கள்.