மந்தர நாதமும் வால்வு அம்பிளிபயரும்

இசைக்குழுவிலே மிகப் பெரிய வாத்தியத்தைத் தாங்கி நிற்பவரின் ஓசையே எல்லாவற்றிலும் குறைவாகக் கேட்பது விந்தையன்றோ? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க நடன மண்டபங்களில் டபிள் பேஸ் வாசித்தோரின் நிலை அதுவேயாகும். எக்காளமும் முரசும் முழங்கும் வேளையில், ஆளுயர மரவாத்தியம் ஊமையாகிவிடும். மனிதச் செவி தாழ்ந்த ஓசைகளை எளிதில் உணர்வதில்லை. உச்ச ஸ்தாயிச் சுரமொன்று கேட்பதற்குப் போதிய வலு, மந்தர ஸ்தாயிச் சுரத்துக்குப் போதாது.

இக்குறையை அனுபவத்தால் அறிந்தவர்களுள் எவரெற் ஹல் என்பார் ஒருவர். பியானோவும் டபிள் பேஸும் வாசிக்க வல்ல இவர், 1946ஆம் ஆண்டளவில் ஒரு வழி கண்டார். டபிள் பேஸை நிலத்தில் ஊன்றுவதற்கு அதன் அடியில் ஒரு முளை உண்டு. அம்முளையின் மேல்முனையிலே சிறிய ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்தி, வாத்தியத்தின் வயிற்றுக்குள்ளே செலுத்தினார். மின்வலுவூட்டப்பட்ட முளை என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே 'அம்பெக்' என்பது. பிற்காலத்தில் அதுவே அவருடைய நிறுவனத்தின் பெயருமாயிற்று.

ஒலிவாங்கி பிடித்த மெல்லிய மின்னலையைப் பெருக்குதற்கு அந்நாளில் இருந்த சாதனம் வால்வு எனப்படும் வெற்றிடக் குழாயே. பழைய வானொலிப் பெட்டியின் பின்புறத்தை எட்டிப் பார்த்த நேயர்கள், அங்கே செவ்வொளி வீசிய கண்ணாடிக் குழாய்களை மறந்திரார். உள்ளிருக்கும் இழை சூடேறக் கதோட்டு என்னும் தகடு இலத்திரன்களை உமிழ்கிறது. அவை எதிரேயுள்ள அனோட்டை நோக்கிப் பாய்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே கம்பி வலை போன்ற 'கிரிட்' ஒன்றை அமெரிக்கரான லீ டி பொறெஸ்ற் 1906இல் வைத்தார். அவ்வலையில் ஏற்படும் சிறு மாற்றம், பாயும் ஓட்டத்தில் பெருமாற்றத்தை விளைவிக்கும். ஆனால் கதோட்டின் உமிழும் ஆற்றல் நாளடைவில் தேய்ந்து போகும். விளக்கின் திரியைப் போல, எரிந்துகொண்டே குறையும் பொருள் இது. ஆகவே வால்வு அம்பிளிபயரை வாங்கியவர், அதைப் பேணும் கடமையையும் உடன் வாங்கியவராவார்.

இதனை நன்குணர்ந்தவர் லியோ பெண்டர். கலிபோர்னியாவின் புலர்ட்டன் நகரில் வானொலி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். 1951இல் 'பிறிசிஷன்' என்னும் மின் பேஸ் கிற்றாரையும், 1952இல் அதற்கேற்ற 'பேஸ்மன்' அம்பிளிபயரையும் வெளியிட்டார். பழுது பார்ப்போன் கை எளிதிற் புகவேண்டும் என்பது அவர் கருத்து. பேஸ்மன் வேறொரு திசையிலும் புகழ் பெற்றது. கிற்றார் வாசிப்போர் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். 1962இல் இலண்டனில் ஜிம் மார்ஷல் செய்த முதல் அம்பிளிபயருக்கும் அதன் சுற்றே மாதிரியாயிற்று. அது வேறு கதை.

பேஸ் வாசிப்போர் தமக்கேயுரியதாகக் கொண்டாடியது 1960இல் அம்பெக் வெளியிட்ட 'போட்டபிளெக்ஸ்' பி-15 ஆகும். அதனை அமைத்தவர் ஜெஸ் ஒலிவர். பதினைந்து அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டியின் மூடியிலேயே அம்பிளிபயரைப் பொருத்தினார். பயணத்தின்போது மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் வால்வுகள் பெட்டிக்குள்ளே பத்திரமாக அடங்கும். அரங்கில் அதனைத் திருப்பிவிட்டால் அவை வெளிக்காற்றில் நின்று ஒளிரும். வெப்பம் பெட்டிக்குள்ளே தேங்குவதில்லை. தேய்ந்த வால்வை மாற்றுவதற்குத் திருகாணி எதையும் கழற்ற வேண்டியதுமில்லை. வாங்கியவரின் பெயர் பொறித்த ஒளிரும் தகடும் அதன்மேல் உண்டு. தன் பெயர் எரியும் பெட்டியை எவர்தாம் புறக்கணிப்பார்! டிற்றோயிற் நகரத்து இசைவிடுதிகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் கையாண்டதும் இதுவே. அவர் தம் கிற்றாரின் தந்திகள் அறுந்தாலன்றி மாற்றமாட்டார் என்பர். தந்தி பழையதாகலாம், வால்வு அவ்வாறு பொறுத்திராது.

பி-15இன் வலு 25 வாற்று மாத்திரமே. பேரோசையை ஹல் விரும்பியவரல்லர். ஓசை சிதையாமல் தெளிவாக ஒலிப்பதே அவர் நோக்கம். றொக் இசையின் ஆரவாரம் அவருக்கு உவக்கவில்லை. 1967இல் நிறுவனத்தை விற்றார். இரண்டே ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் பெயரை அணிந்து வெளிவந்தது, 300 வாற்று வலுவுள்ள 'எஸ்.வி.ரி.' என்னும் பூதம்! மொத்தம் பதினான்கு வால்வுகள். அவற்றுள் ஆறு வெளியீட்டு வால்வுகள். ஒவ்வொரு பெட்டியிலும் பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு. 1969இல் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் அமெரிக்கச் சுற்றுலாவுக்கு ஆயத்தமாகையில், கொண்டுவந்த கருவிகள் பழுதுபட, அம்பெக்கின் முன்மாதிரிகளே கைகொடுத்தன. அவற்றைப் பேணுவதற்கென நிறுவனத்தார் ஒருவரும் உடன் சென்றார். அத்துணைப் பராமரிப்பை வேண்டிய இயந்திரம் அது. முதலில் வைத்த ஆறும், வானொலிப் பரப்பிகளுக்கென அமைந்த 6146 வகை வால்வுகள். சில ஆண்டுகளில் அவற்றை விடுத்து, உறுதி மிக்க 6550 வகைக்கு மாறினர்.

இத்தகைய கருவியைப் பேணும் முறையிலே சில நுணுக்கங்கள் உள. வெளியீட்டு வால்வுகள் ஒத்த இயல்புடையனவாகத் தெரிந்தெடுக்கப்படல் வேண்டும். ஒன்று மிகுதியாகச் சுமந்தால் அதன் அனோட்டு செக்கச் சிவந்து விரைவில் அழியும். கிரிட்டுக்கு ஊட்டும் எதிர்மின்னழுத்தத்தைப் 'பயஸ்' என்பர். வால்வு மாற்றும்போது இதனையும் சரிபார்த்தல் மரபு. ஸ்பீக்கரை இணைக்காமல் அம்பிளிபயரை இயக்குதல் பெருந்தவறு. எழும் மின்னழுத்தத்துக்கு வெளியேற வழியின்றி, டிரான்ஸ்போமரின் காப்பு கருகிவிடும். பியூஸ் எரிந்தால் அதனினும் தடித்ததை இடுவது, காவற்காரனை உறங்கச் செய்வது போலாம்.

எல்லாவற்றினும் கவனிக்கத்தக்கவை மின்வழங்கலிலுள்ள கொண்டென்சர்கள். அவற்றினுள்ளிருக்கும் ஈரப்பதார்த்தம் ஆண்டுகள் செல்லச் செல்ல உலரும். உலரவே, அமெரிக்காவில் செக்கனுக்கு 120 அதிர்வும், இலங்கை போன்ற நாடுகளில் 100 அதிர்வும் கொண்ட முரலொலி கிளம்பும். பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 அதிர்வு உடையது. எனவே இம்முரல் அவ்வாத்தியத்தின் குரல் வாழும் எல்லைக்குள்ளேயே புகுந்து அதனைக் கலக்கிவிடும். உயிருக்கும் அபாயம் இங்கேதான். எஸ்.வி.ரி.யின் வெளியீட்டு வால்வுகளுக்கு ஏறத்தாழ 700 வோல்ற்று செல்கிறது. மின்தொடர்பை அறுத்த பின்னரும் கொண்டென்சர்கள் அவ்வலுவைப் பற்றியிருக்கலாம். கைதேர்ந்தவர்கள் தடையொன்றின் வழியே அதனை இறக்கி, மானி கொண்டு அளந்து பார்த்த பின்னரே உள்ளே கைவைப்பர். பழைய கருவிகள் பலவற்றின் மின்வடத்தில் நிலத்தொடுப்பு இல்லை. பழுதுற்றால் கிற்றார்த் தந்தியிலேயே மின் ஏறும். மூன்று கம்பி வடமாக அதனை மாற்றுவது இன்று முதல் வேலையாகக் கொள்ளப்படுகிறது.

1947இல் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்ரர் பிறந்ததிலிருந்து வால்வின் ஆட்சி சுருங்கலாயிற்று. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பெரிய வால்வு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இசைக் கருவிகளுக்கான வால்வுகள் பின்னர் பெரும்பாலும் ருசியாவின் சரத்தோவ் நகரிலும், சிலோவாக்கியாவிலும், சீனாவிலுமே செய்யப்படலாயின. 2022 மார்ச் மாதத்தில், உக்ரேன் போரையொட்டி ருசிய வால்வுகளின் வரவு தடைப்படுமெனச் செய்தி பரவியபோது, கடைகளில் இருப்பு விரைவாகத் தீர்ந்தது; விலை ஏறியது. ஆதி எஸ்.வி.ரி. வைத்திருப்போர் 6146க்காகப் பழைய இருப்பைத் தேடுகின்றனர். சிலர் சுற்றையே மாற்றி 6550ஐ இடுகின்றனர்.

அறுபது ஆண்டு கடந்த பி-15 ஒன்று பழுது பார்ப்போர் மேசைக்கு வருகையில், மூடியைத் திருப்பி, தூசு துடைத்து, வால்வுகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பர். உலர்ந்த கொண்டென்சர்களைக் கழற்றிப் புதியன வைப்பர். கழற்றிய பழைய உறுப்புகளை எறிந்துவிடாமல், சிறு பையிலிட்டு உடையவரிடமே கொடுத்துவிடுவது அவர்களிற் பலரின் வழக்கம்.