நோவு தீர்க்கும் மருந்தும் வயிற்றின் காவலும்

தொண்டைமானாற்று முகத்துவாரத்திலே தடுப்பணை ஒன்று உண்டு. கடலின் உவர்நீர் ஏரியினுட் புகாதபடி அதன் கதவுகள் காவல் புரிகின்றன. மனிதரின் இரைப்பையிலும் அத்தகைய அணை ஒன்றுண்டு. அமிலம் சுவரை அரியாது காக்கும் சளிப்படலமே அது. நோவுக்கு உண்ணும் மாத்திரை அவ்வணையைத் தளர்த்துமென்பதை உலகம் உணர நெடுங்காலம் சென்றது.

1763 இல் ஆங்கிலப் பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன், வில்லோ மரப்பட்டை காய்ச்சலைத் தணிப்பதை அறிவித்தார். 1897 இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்திலே பெலிக்ஸ் ஹொப்மன் ஆஸ்பிரினைத் தூய நிலையில் ஆக்கினார். 1938 இல் இலண்டன் மருத்துவர்களான டௌத்வெயிட்டும் லிண்டொட்டும், உள்நோக்குக் கருவி கொண்டு, அது இரைப்பையைப் புண்படுத்துவதைக் கண்டனர்.

காரணத்தை விளக்கியவர் ஜோன் வேன். புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் வீக்கத்தையும் நோவையும் மிகுவிக்கின்றது. இரைப்பையின் காவலும் அதுவே. ஆஸ்பிரின் அப்பொருள் உண்டாவதைத் தடுக்கின்றதென 1971 இல் அவர் காட்டினார். 1982 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இப்யூபுரோபனும் டைக்குளோபினாக்கும் இவ்வினத்தனவே.

உணவின் பின் உண்டால் எரிவு குறையலாம். ஆயினும் இரத்தத்தின் வழியும் கேடு விளைவதால் அது முழுக்காவலன்று. ஆகவே வலை இழுத்து முதுகு நொந்தவரும், முழங்கால் நோவுற்ற முதியவரும் குறைந்த அளவில், குறைந்த நாட்களே உண்ணுதல் நன்று. முன்னர்ப் புண் கண்டோருக்கு, 1988 இல் விற்பனைக்கு வந்த ஒமெப்பிரசோல் போன்ற அமிலந்தணிக்கும் மருந்தையும் மருத்துவர் சேர்த்தளிப்பர். மலம் தார்போற் கறுத்தால் குருதி கசிகின்றதென அறிக. அன்றே மருத்துவமனையை நாடுதல் உயிர் காக்கும்.