வட்ட மாளிகையின் மண்டபங்கள்

புதுடெல்லிக்கான முதல் திட்டத்தில் நாடாளுமன்றத்துக்கெனத் தனிக் கட்டடமே கிடையாது. 1911-இல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்ற முடிவெடுத்தவர்களின் மனத்தில் வைஸ்ராய் மாளிகையும் தலைமைச் செயலகமுமே முதன்மை பெற்றிருந்தன. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் மத்தியில் ஈரவைகளை உண்டாக்கிய பிறகுதான் அவற்றுக்கு ஓர் இல்லம் தேவைப்பட்டது. பந்தி தொடங்கியபின் வந்த விருந்தாளிக்கு ஓரத்தில் இலை போட்டதுபோல, ரைசினா குன்றின் மேலன்றி அடிவாரத்தில் ஒருபுறமாக அதற்கு இடம் ஒதுக்கினார்கள்.

கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கர் முதலில் வரைந்தது மூன்று சிறகுகள் கொண்ட அமைப்பு. சக கலைஞர் எட்வின் லுட்யன்ஸ் வட்டமே பொருந்தும் என்று வாதிட்டு வென்றார். 1921 பிப்ரவரி 12 அன்று கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்டினார். 1927 ஜனவரி 18 அன்று வைஸ்ராய் இர்வின் பிரபு திறந்துவைத்தார். 560 அடி விட்டம், வெளித் தாழ்வாரத்தைச் சுற்றி 27 அடி உயரமுள்ள 144 மணற்கல் தூண்கள், 83 லட்சம் ரூபாய் செலவு.

உள்ளே மூன்று அவைகள்: மத்திய சட்டசபைக்கு ஒன்று, மேலவைக்கு ஒன்று, சுதேச மன்னர்களுக்கு ஒன்று. நடுவில் நூலகம். கட்டியவர்கள் வகுத்த இந்த ஒழுங்கு நெடுநாள் நீடிக்கவில்லை. 1929 ஏப்ரல் 8 அன்று பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் பார்வையாளர் மாடத்திலிருந்து குண்டு வீசியது சட்டசபை மண்டபத்தில்தான்; விடுதலைக்குப் பின் அங்கே மக்களவை அமர்ந்தது. மேலவை மண்டபம் மாநிலங்களவைக்கு வாய்த்தது. மன்னர்கள் கூடிய மண்டபத்தில் 1950 முதல் 1958 வரை உச்ச நீதிமன்றம் இயங்கியது. மகாராஜாக்களின் வரிசைமுறை பார்த்த இடத்தில், சாமானியக் குடிமகனின் வழக்கும் விசாரணைக்கு வந்தது.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் கண்டது நடுவிலிருந்த நூலகம். 1946-இல் அதை அவை மண்டபமாக மாற்றியமைத்தார்கள். டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபை அங்கே முதன்முறையாகக் கூடியது. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் ஆட்சி கைமாறியதும் அங்கேதான். அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவின் ஏட்டைச் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் உள்ளிட்டோர் ஷரத்து ஷரத்தாக விவாதித்ததும், 1950 ஜனவரி 24 அன்று உறுப்பினர்கள் அரசமைப்பில் கையொப்பமிட்டதும் அதே மைய மண்டபத்தில்தான்.

2023 செப்டம்பர் 19 அன்று அவைகள் பக்கத்திலுள்ள புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தன. அதன் வடிவம் முக்கோணம்! பழைய கட்டடம் அன்று 'சம்விதான் சதன்', அதாவது அரசமைப்பு இல்லம், ஆயிற்று. வைஸ்ராய் திறந்துவைத்த மாளிகைக்கு நிலைத்த பெயரைத் தேடித் தந்தது, புத்தகம் வைப்பதற்காகக் கட்டிய மண்டபம்.