கட்டிலுக்கு அடியில் அரசாங்கம்

1963 ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி. கலிஃபோர்னியாவின் ஆலமீடா கவுண்டியில் நலத்துறை ஊழியர்கள் இரண்டிரண்டு பேராகக் கிளம்பினார்கள். ஒருவர் வாசலில் தட்டுவார். இன்னொருவர் கொல்லைப்பக்கம் நின்று, யாராவது நழுவுகிறார்களா என்று பார்ப்பார். உள்ளே போனதும் கட்டில், அலமாரி, குளியலறை எல்லாவற்றையும் துழாவுவார்கள். தேடியது திருட்டுப் பொருளை அல்ல, ஆண்பிள்ளையை! பிள்ளைகளை வளர்க்க அரசு உதவி வாங்கும் தாயின் வீட்டில் ஓர் ஆண் தங்கினால், அவனே சம்பாதித்துப் போடட்டும் என்பது கணக்கு. 'ஆபரேஷன் பெட்செக்' என்று கூச்சமில்லாமல் இதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள்.

பென்னி பாரிஷ் என்ற ஊழியர் வர மறுத்தார். அவர் பார்வையற்றவர். கீழ்ப்படியவில்லை என்று வேலையை விட்டு நீக்கினார்கள். வழக்கு நான்கு ஆண்டு இழுத்தது. 1967ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: உதவி பறிபோகுமோ என்ற பயத்தில் ஒரு தாய் கதவைத் திறந்தால் அது சம்மதம் ஆகாது.

நாட்டின் உச்ச நீதிமன்றம் அவ்வளவு தூரம் வரவில்லை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதித் தாய் ஒருவர், கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், வீட்டுக்குள் மட்டும் வராதீர்கள் என்றார். 1971ல் அவர் தோற்றார். அதிகாரி வந்து பார்ப்பது சோதனையே அல்ல, பிடிக்காவிட்டால் உதவித்தொகை நிற்கும், அவ்வளவுதான் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அந்த 'அவ்வளவுதான்' யாருடைய அடுப்பை அணைக்கும் என்று நீதிபதிகளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அடுத்த மோதல் அரசே கட்டிய வீடுகளில். சிகாகோவின் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ், 16 மாடிக் கட்டடங்கள் 28 கொண்ட குடியிருப்பாக இருந்தது. 1993 கோடையில் அங்கே துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. வீட்டுவசதி ஆணையம் வாரண்ட் இல்லாமல் வீடு வீடாகச் சோதனை போட்டது. சமையலறை அலமாரி, குளிர்சாதனப் பெட்டி, மெத்தைக்கு அடி என எதையும் விடவில்லை. 1994 ஏப்ரலில் நீதிபதி வேன் ஆண்டர்சன் தடை விதித்தார். அதே மாதம் அதிபர் கிளின்டன் வேறு வழி சொன்னார்: சோதனைக்குச் சம்மதம் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடலாம். பாரிஷ் வழக்கில் செல்லாமல் போன அதே சம்மதம், இந்த முறை கையெழுத்தோடு. குடியிருந்தவர்களிலேயே பலர் இதை வரவேற்றார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளையைக் குண்டுக்குத் தப்பித் தூங்க வைக்கிறவளுக்கு அலமாரியின் அந்தரங்கம் இரண்டாம் பட்சம்.

1974ல் வந்த 'செக்‌ஷன் எட்டு' திட்டம், தனியார் வீட்டில் குடியிருந்தாலும் வாடகையில் ஒரு பங்கை அரசு கட்ட வழிசெய்தது. சோதனை அங்கேயும் பின்தொடர்ந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் லாங்காஸ்டர், பாம்டேல் ஊர்களில் வீட்டுவசதி அதிகாரிகளோடு ஆயுதம் ஏந்திய ஷெரீஃப் துறையினரும் வந்தார்கள். கறுப்பினக் குடும்பங்களே குறி என்று 2013ல் மத்திய நீதித்துறை கண்டறிந்தது. 2015ல் உடன்பாடு ஏற்பட்டது.

அந்த விவகாரத்தில் ஒரு படம் வருகிறது. உதவி வாங்கும் ஒரு குடும்பத்தின் கராஜில் நின்ற சொகுசுக் கார்களைப் படமெடுத்து, இத்திட்டத்தை வெறுப்பவர்கள் நடத்திய ஃபேஸ்புக் பக்கத்துக்கு அனுப்பியிருந்தார் ஒரு காவலர். பிறகு அதே கராஜ் கதவில் யாரோ இனவெறி வசவைக் கிறுக்கிவிட்டுப் போனார்கள்.